போதும் என்று சொல்லும் வரை

"உள்ள தள்ளி உக்காருங்க மாமா, சாஞ்சுக்க வசதியா இருக்கும்" என்று மாப்பிள்ளை சொன்னதும் மாஸ்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். விஷயம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இத்தாலிய உணவகத்தில் சுவரோரம் போட்டிருந்தது நாற்காலி இல்லை, நீளமான சோபா. மாஸ்டருக்கு இடப் பக்கம் சுவர். முன்னால் தரையோடு திருகு போட்டு முடுக்கிய மேஜை. வலப் பக்கம் மாப்பிள்ளை, நல்ல வாட்டசாட்டமான ஆள். எதிரே மகள், ஆறு மாத வயிற்றோடு. இனி கை கழுவப் போவதென்றாலும் மாப்பிள்ளை எழுந்து வழிவிட்டால்தான் உண்டு.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் பல்செட் மாஸ்டர். ஒரு பல் டாக்டரம்மாவின் மருத்துவமனையில் பின்னறை முழுக்க இவருடைய ராஜ்யம். பல் போன பெரியவர்களின் வாயிலிருந்து டாக்டரம்மா அச்சு எடுத்துக் கொடுப்பார். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறை வார்த்து, ரோஜா நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் முழு வாயாக்கித் தருவது மாஸ்டரின் வேலை. அந்த வட்டாரத்தில் எத்தனையோ தாத்தாக்கள் இவர் செய்த பல்லைக் காட்டித்தான் பேரன் கல்யாணத்தில் சிரித்திருக்கிறார்கள்.

பல்லை ஒழுங்காக வரிசை கட்டி நட்டுவிட்டால் பொய்ப்பல் என்று தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும். ஒன்றை மயிரிழை திருப்பி, பக்கத்தில் இருப்பதை மயிரிழை தாழ்த்தினால்தான் அது அந்த ஆளின் சொந்தப் பல்லாகும். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடு காட்டி, மெழுகைத் தொட்டு, ஒரு பல்லை மட்டும் லேசாக அசைத்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்ப்பார் மாஸ்டர். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. பின்னறைக்கு மேலேயே ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கியிருந்தார். காலையில் மாடிப்படி இறங்கினால் வேலை, சாயங்காலம் ஏறினால் வீடு. மனைவி போன பிறகு மனிதரை ஒரு நிலையில் நிறுத்தி வைத்திருந்தது அந்த மாடிப்படிதான்.

இன்றைக்கு அவர் இந்த உணவகத்துக்கு வந்தது சாப்பிட இல்லை. "நான் வேலைய விடமாட்டேம்மா, உங்க வீட்டோட வந்து இருக்க முடியாது" என்று மகளிடம் சொல்லத்தான் வந்தார். சொல்லிவிட்டால் பின்னறை அவருக்கு. சொல்லாவிட்டால் மாசக் கடைசியோடு அது இன்னொருவருக்கு. இவ்வளவுதான் சங்கதி. வேறு யாராவது என்றால் வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போதே சொல்லி முடித்திருப்பார்கள். மாஸ்டரோ சொல்ல வேண்டியதையெல்லாம் மென்று விழுங்கியே வயிறு வளர்த்தவர்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை. நம் பாஷையில் இவ்வளவு சாமர்த்தியமாக நல்ல பிள்ளை வேஷம் போடும் சொல் இன்னொன்று கிடையாது. காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்றால் இப்போது பரவாயில்லை. புதுச் சட்டை எப்படி என்றாலும் பரவாயில்லை. நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், மோசமில்லை என்றும் கொள்ளலாம், எனக்குக் கஷ்டம்தான் ஆனால் நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றும் வைத்துக்கொள்ளலாம். கேட்டவர் தனக்கு எது தோதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சொன்னவர் கதி என்ன என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது மாஸ்டருக்குத் தெரியாதா என்ன? அவரைவிடத் தெரிந்தவர் யார்? புதுப் பல்செட்டை வாயில் மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்பார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணில் தண்ணீர் முட்ட, "பரவாயில்லைங்க" என்பார்கள். பெரிய டாக்டர் மெனக்கெட்டுச் செய்து கொடுத்ததைக் குறை சொல்ல வாய் வராது. டாக்டரம்மா உடனே பின்னறைப் பக்கம் திரும்பி, "மாஸ்டர், கொஞ்சம் வாங்க" என்பார். மாஸ்டர் கையிலிருக்கும் பிளாஸ்டரைத் துடைத்துக்கொண்டே வருவார்.

"பரவாயில்லைங்கற பேச்சே இங்க வேணாங்க. பரவாயில்லைன்னா வலிக்குதுன்னு அர்த்தம். எங்க வலிக்குதுன்னு விரல வச்சுக் காட்டுங்க."

அவ்வளவுதான், அந்த ஆள் வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டுச் சரியான இடத்தில் வைத்துவிடுவார். மாஸ்டர் அங்கே பென்சிலால் ஒரு பொட்டு வைத்து, செட்டைக் கழற்றி, பொட்டு வைத்த இடத்தை அரைத்து எடுத்து மறுபடி மாட்டுவார். மறுபடியும் கேட்பார். மறுபடியும் அரைப்பார். வாயில் செட் இருப்பதையே மறந்து அந்த ஆள் ஊர்க்கதை பேச ஆரம்பித்த பிறகுதான் விடுவார். மகள் சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு நேரே பின்னறைக்குத்தான் வருவாள். பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, அப்பா இந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் பின்னாலிருந்து கூடவே வாயை அசைத்துக் காட்டுவாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிடும்.

ஊரார் வாயிலிருந்து அந்தச் சொல்லை விரட்டிய மனிதர் தன் வாயில் அதைக் குடிவைத்துக்கொண்டார். வாலிபத்தில் அவருக்குக் கைக்கடிகாரம் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள ஆசை. அக்கா வீட்டுக்காரர், தனக்குத் தெரிந்த பல்செட் லேப் ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, "வேலை பிடிச்சிருக்காடா?" என்றார். பரவாயில்லை மாமா என்றார் இவர். அந்த வேலை பிற்பாடு உயிராகிப்போனது இவர் அதிர்ஷ்டம். பதிலில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இல்லை. வெயிலே எட்டிப்பார்க்காத ஒரு வீட்டைத் தரகர் காட்டியபோதும் இதே பதில்தான். அந்த வீட்டில்தான் பாதி ஆயுள் ஓடியது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் இதேதான். அது எப்படியோ மனைவியின் காதுக்குப் போய்விட்டது.

"என்னைப் பாத்துட்டுப் பரவாயில்லைன்னு சொன்ன மகராசன் இவர்தான்" என்று அந்த அம்மாள் சாகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்காட்டினார். ஆனால் ஒன்று, கணவனின் வித்தையைக் கணவனிடமே காட்டத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். மாஸ்டர் பரவாயில்லை என்றால் அதோடு விடமாட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நிற்பார்.

"எந்தப் பரவாயில்லை இது? விரல வச்சுக் காட்டுங்க."

அப்போதுதான் மாஸ்டர் வாயிலிருந்து நிஜம் வரும். அந்த அம்மாள் போன பிறகு யாரும் அவரை இரண்டாம் தடவை கேட்டதில்லை. முதல் தடவை எல்லோரும் கேட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

இந்த உணவகத்துக்கு அவர்கள் முதலில் வந்ததும் அந்தச் சோகம் கொஞ்சம் ஆறிய சமயத்தில்தான். மகளும் மாப்பிள்ளையும் அப்பாவை நல்ல இடமாகக் கூட்டிப்போக வேண்டும் என்று கூட்டிவந்தார்கள். மாஸ்டர் முன்னால் லசான்யா என்ற பதார்த்தத்தை வைத்தார்கள். அடுக்கடுக்காக மாவுத் தகடு, நடுவே கறி, மேலே உருகிய சீஸ். அதோடு விட்டார்களா? கறுப்பு ஏப்ரன் கட்டிய வெயிட்டர் ஒருவர் கையில் இன்னொரு சீஸ் கட்டியோடும் துருவியோடும் வந்து தட்டுக்கு மேலே துருவ ஆரம்பித்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. போதும் என்று நாம் சொல்லும் வரை அவர்கள் துருவிக்கொண்டே இருப்பார்கள். இதை யாரும் மாஸ்டருக்குச் சொல்லவில்லை. மனிதர் வேலை செய்யும்போது குறுக்கே பேசக் கூடாது, முடித்துவிட்டு அவரே போவார் என்று மாஸ்டர் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பெரியவர் இன்னும் சொல்லவில்லையே, நாமாக நிறுத்தினால் தப்பாகிவிடுமே என்று வெயிட்டரும் மரியாதையாகத் துருவிக்கொண்டிருந்தார். இரண்டு மரியாதைக்காரர்கள் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் இதுதான் நடக்கும். லசான்யா கண்ணிலிருந்து மறைந்து அங்கே ஒரு வெள்ளைக் குன்று எழும்பியது. பக்கத்து மேஜைக்காரர்கள் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் வெயிட்டரின் கட்டிதான் தீர்ந்தது.

"அப்பாவுக்கு சீஸ்னா இவ்வளவு இஷ்டமா? இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே" என்று மகள் பூரித்துப்போனாள். அம்மா போன பிறகு அப்பா எதையாவது ஆசைப்பட்டுச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. "எப்படிப்பா இருக்கு?"

மாஸ்டருக்குச் சீஸ் வாசனை என்றாலே குமட்டும். வாயில் வைத்ததை எப்படியோ உள்ளே தள்ளிவிட்டு மகள் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

"பரவாயில்லைம்மா."

தீர்ந்தது. அன்றிலிருந்து பிறந்தநாளா, கல்யாணநாளா, மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வா, எல்லாவற்றுக்கும் இதே உணவகம், இதே லசான்யா, இதே குன்று. அவர் அறைக்கு வரும்போதெல்லாம் மகள் விதவிதமாகச் சீஸ் வாங்கி வருவாள். மறுநாள் அது மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண்ணின் கைக்குப் போய்விடும். அந்தப் பெண் கொஞ்ச நாளில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். நாக்கைப் பழக்கினால் எதுவும் பழகிவிடும் என்பார்கள். பொய், மாஸ்டரின் நாக்கு இத்தனை வருஷத்தில் ஒரு துளி இறங்கி வரவில்லை.

போன வாரம் மகள் ஃபோன் செய்து, "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்பா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெளிய சாப்பிடலாம்" என்றபோதே அது என்ன விஷயம் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. நகரத்தின் மறுகோடியில் பத்தொன்பதாவது மாடியில் அவர்கள் புது வீடு வாங்கியிருந்தார்கள். அதில் ஓர் அறையை அவருக்கென்று வெளிர்பச்சை அடித்து வைத்திருந்தார்கள். புதுக் கட்டில், புது மெத்தை, சுவரில் டிவி. ஜன்னலைத் திறக்கலாமே என்று அவர் போனபோது, "அது திறக்காது மாமா, கண்ணாடி மட்டுந்தான். ஏசி இருக்கே" என்று மாப்பிள்ளை ரிமோட்டைக் கையில் கொடுத்தார். மாஸ்டர் கீழே பார்த்தார். பஸ்கள் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தன. அந்த அறையில் அவர் செய்ய ஒரு வேலையும் இல்லை.

வாரம் பூராவும் ஒத்திகை பார்த்தார். டாக்டரம்மா மதியம் சாப்பிடப் போன நேரத்தில், மேஜையில் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு இருந்த பிளாஸ்டர் தாடைகள் முன்னால் நின்று பேசிப் பார்த்தார். "இதோ பாரும்மா, வாரத்துல ரெண்டு நாள் வரேன். பிரசவத்தப்போ ஒரு மாசம் லீவு போட்டுட்டு வந்து கூடவே இருக்கேன். பாத்துக்க ஒரு ஆளும் வச்சுக்கலாம். ஆனா வேலைய மட்டும் விடச் சொல்லாதே." நியாயமான பேச்சு. தாடைகள் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டும்போதுகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சரளமாக வந்தது.

இப்போது சோபாவின் மூலையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தொட்டபடி, ஆரம்பிக்க ஒரு சந்து கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"மாமா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். டாக்டரம்மாகிட்ட நானே பேசிட்டேன்."

மாஸ்டர் கையில் ரொட்டி அப்படியே நின்றது. "என்ன பேசினீங்க மாப்பிள்ளை?"

"மாசக் கடைசியோட நீங்க நின்னுக்கறதப் பத்திதான். இத்தனை வருஷம் கூட இருந்தவங்ககிட்ட நிக்கறேன்னு நீங்க எப்படி வாய் விட்டுச் சொல்வீங்க? உங்க சுபாவம் எனக்குத் தெரியாதா? அதான் அந்தச் சங்கடம் உங்களுக்கு வேணாம்னு நானே பாத்துக்கிட்டேன்."

இந்த மாப்பிள்ளையை ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது, அதுதான் தொல்லை. மாமனாருக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வருகிறவர். அயோக்கியனாக இருந்தால் முகத்தில் அடித்தாற்போல் நாலு வார்த்தை கேட்கலாம். பாசத்தோடு கழுத்தைப் பிடிப்பவரை என்ன சொல்லி உதறுவது?

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"தங்கமான மனுஷி மாமா. வேற ஒரு ஆள் கேட்டுக்கிட்டு இருக்காராம். ஆனா மாஸ்டர் சம்மதம்னு தெரிஞ்சாத்தான் அவரை வரச் சொல்வேன்னுட்டாங்க. சாப்பிட்டதும் ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்கேன்."

ஆக, கதவு இன்னும் சாத்தப்படவில்லை. டாக்டரம்மா ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும். மாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா, நான் என்ன நினைச்சேன்னா..."

"அப்பா, நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் அவள். "பகல் பூரா நான் அந்த வீட்டுல தனியா இருக்கேன். போன தடவை இப்படித் தனியா இருந்தப்பத்தான் எல்லாம் போச்சு. கூப்பிட்ட குரலுக்கு ஒரு ஆள் இல்ல. இவங்க அம்மாவுக்கு முட்டி வலி, வர முடியாது. வேலைக்கு ஆள் வச்சா வேத்து மனுஷங்க முகத்தப் பாத்துக்கிட்டு எனக்கு இன்னும் பயமா இருக்கு. அம்மா இருந்திருந்தா உங்களக் கேக்கவே மாட்டேன்பா."

மாஸ்டரின் ஒத்திகை முழுவதும் எங்கோ போய்விட்டது. அவளுடைய முதல் கர்ப்பம் கலைந்த நாளில் மருத்துவமனைப் படுக்கையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அவர் மகளை உயிராக நேசித்தார். அதே நேரத்தில் பின்னறை மேஜையில் பாதியில் விட்டு வந்த ஒரு மேல்செட்டும் அவர் கண்ணில் நின்றது. ஒரு கோரைப் பல் மட்டும் இன்னும் மயிரிழை திரும்ப வேண்டும். வரப்போகிற ஆள் அதை நேராக நட்டுவிடுவான். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நடுவே ஒரு கோரைப் பல்லை நினைக்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தார்.

சாப்பாடு வந்தது. கேட்காமலே அவர் முன்னால் லசான்யா. கறுப்பு ஏப்ரன் வெயிட்டர், பழைய ஆள்தான், இவரை அடையாளம் கண்டு, "சாரைத்தான் தெரியுமே, தாராளமாப் போட்டுடறேன்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி துருவியைத் தட்டுக்கு மேலே பிடித்தார்.

சீஸ் விழுந்தது. மாப்பிள்ளை பச்சை அறையில் புத்தக அலமாரி எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்தார். சீஸ் விழுந்தது. டிவியைக் கொஞ்சம் இறக்கி மாட்டலாம், படுத்துக்கொண்டே பார்க்க வசதி. சீஸ் விழுந்தது. ஜன்னலோரம் சாய்வு நாற்காலி ஒன்று சொல்லியாகிவிட்டது. மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லசான்யாவின் ஒரு மூலை மட்டும் இன்னும் தெரிந்தது. அது மூடிவிட்டால் பிறகு தன்னால் எப்போதும் வாய் திறக்க முடியாது என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் அவரால் சொல்லத் தெரியாது. பல்லைக் கடித்தார், மூச்சை இழுத்தார்.

"போதும்."

இரண்டு மேஜை தள்ளிக் கேட்கும் குரல். அவருக்கே அது யார் குரல் என்று சந்தேகம் வந்திருக்கும்.

"போதும்மா. எனக்கு இது வேண்டாம்."

வெயிட்டர் கை அந்தரத்தில் நின்றது. "சாரி சார், சாரி சார்" என்று துருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மாப்பிள்ளை புத்தக அலமாரியைப் பாதியில் விட்டார். மகள் சட்டென்று கையை நீட்டி அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா? சீஸ வேண்டாங்கறீங்க?"

பாவம் மாஸ்டர். ஆயுளில் முதல் தடவையாக ஒரு வேண்டாமைத் திரட்டி எடுத்து வெளியே விட்டார். அது நேரே போய்ச் சீஸ் கட்டியில் உட்கார்ந்துகொண்டது. அது இல்லை, நான் சொன்னது வேறு என்று உடனே சொல்லியிருக்கலாம். இன்னொரு வேண்டாமுக்கு அவரிடம் மூச்சு மிச்சமில்லை. கையில் கிடைத்த சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்கு சீஸ் பிடிக்காது."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே."

மாப்பிள்ளை சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று உடனே நிறுத்திக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை. வருஷக்கணக்காக அப்பா தட்டில் எழும்பிய குன்றுகளெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தன என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஏம்பா சொல்லல? ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேனே."

"நீ கேட்டேதாம்மா. நான் பரவாயில்லைன்னேன்."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். கையிலிருந்த முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். கணவனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் கேட்கப்போகிறாள் என்று மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. வேலைய விட்டுட்டு எங்க வீட்டுக்கு வரது... அது உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?"

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாயிற்று. மாஸ்டர் வாயைத் திறந்தார். கேட்டுவிட்டு அவள் இடது கையால் வயிற்றின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தாள். கீழே விழப்போவதைப் பிடிப்பதுபோல அப்படிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் வரவேண்டும் என்று அந்தக் கண் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"பரவாயில்லைம்மா" என்றார் மாஸ்டர்.

மகள் நகரவில்லை. அவள் உதடு லேசாக அசைந்தது, பின்னறையில் அவருக்குப் பின்னாலிருந்து அசைத்துக் காட்டுவாளே, அதேபோல. மாஸ்டர் காத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கேட்டால் சொல்லிவிடுவார், விரலை வைத்துக் காட்டிவிடுவார், எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். மேஜைமேல் இருந்த ஆள்காட்டி விரல் தானாகவே கொஞ்சம் எழும்பியதுகூட.

அவளுக்கும் தெரிந்தது. தெரியாமலிருக்க வழியே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரிந்தது. பிறகு அவள் பகல் பூரா அந்தப் பத்தொன்பதாவது மாடியில் தனியாக இருக்க வேண்டும். அவளுக்குப் பயமாக இருந்தது. பயந்த மனுஷி வேறென்ன செய்வாள்? கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள். கணவன் பக்கம் திரும்பி, "டாக்டரம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள்.

உள்ளே சத்தமாக இருந்ததால் மாப்பிள்ளை ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சோபாவின் வலப் பக்கம் காலியாகி, எழுந்து போக வழி திறந்து கிடந்தது. மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. வெளியே கண்ணாடிக்கு அப்பால் மாப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார். மகள் வெயிட்டரைக் கூப்பிட்டாள்.

"இத எடுத்துட்டுப் போயிடுங்க. அப்பாவுக்கு சீஸே இல்லாம ஏதாவது கொண்டாங்க. ஒரு துளிகூட இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். எழும்பியிருந்த விரல் அந்தக் கைக்கு அடியில் அடங்கிப்போயிற்று.

மாசக் கடைசியில் மாஸ்டர் பின்னறையைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை. அவர் பச்சை அறையில் இருக்கிறார். குழந்தை தூங்கும் நேரத்தில் திறக்காத ஜன்னலுக்கு முன்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பஸ்களைப் பார்க்கிறார். டாக்டரம்மா எப்போதாவது கூப்பிட்டு, எப்படி இருக்கீங்க மாஸ்டர் என்று கேட்பதுண்டு. அவர் என்ன பதில் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வீட்டில் அவர் தட்டில் இதுவரை ஒரு துணுக்குச் சீஸ் விழுந்ததில்லை. மகள் அதை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறாள். விருந்தாளி யாராவது தெரியாத்தனமாகச் சீஸ் போட்ட பண்டம் எதையாவது அவர் பக்கம் நீட்டிவிட்டால் உடனே குறுக்கே கை நீட்டித் தடுத்துவிடுவாள்.

"வேண்டாங்க, அப்பாவுக்கு சீஸ் பிடிக்காது. அவருக்குப் பிடிக்காத எதையும் இந்த வீட்டுல நாங்க அவர்மேல திணிக்கறதில்ல."